ஆறுமணிக்குருவிக்குக் காட்டிய சிக்னல்

என்னைப் பார்த்து "வாயை மூடு" என்று சொல்லாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் சொன்னார்கள். அப்பா சொன்னார். மாமியார் நேராகச் சொல்லாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். இப்போது பெற்ற மகளே போனில் "அம்மா, நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுக்கோம்மா" என்கிறாள். சொல்லாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். காலையில் பால் பாக்கெட்டை வெட்டும்போது நான் ஆரம்பித்தால் ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போடும் வரைக்கும் ஓடும். அவர் "ம்" என்பார், தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். தெருவில் மற்ற பெண்கள் எல்லாம் "எங்க வீட்டு மனுஷன் காதுலயே வாங்கறதில்ல" என்று அலுத்துக்கொள்ளும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கும். எனக்கு வாய்த்தவர் எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார் பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது அந்த வேலைக்குப் பேரையே மாற்றிவிட்டார்கள், எங்களுக்கு இன்னும் கார்டுதான். பெரும்பாலும் கூட்ஸ் வண்டி. டிரைவர் முன்னால் எஞ்சினில், இவர் கடைசிப் பெட்டியில், நடுவில் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சரக்கு வேகன்கள். ஒருத்தருக்கொருத்தர் கத்திப் பேச முடியுமா? கொடி, விளக்கு, கை, விசில், இதுதான் பாஷை. அப்படியே பழகிப்போய் வீட்டிலும் அவருக்கு வாய் அதிகம் கிடையாது. நான்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். தமிழும் கன்னடமும் கலந்து ஒரு அவியலாகத்தான் என் வாயில் வரும், ஆனால் நிற்காமல் வரும்.

ரிட்டயர் ஆன வருஷம் மகள் அவருக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள், நீளமான லென்ஸோடு. "அப்பா சும்மா உட்கார்ந்தா உடம்பு கெட்டுடும்மா" என்றாள். நான் நம்பவில்லை. இந்த மனுஷர் கல்யாண ஆல்பத்திலேயே கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டு நிற்பவர், இவராவது போட்டோ எடுப்பதாவது என்று நினைத்தேன். ஆனால் பிடித்துக்கொண்டார். முதலில் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே சுற்றினார். செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு, மதில் மேல் வெயில் காயும் ஓணான், துணிக்கொடியில் என் புடவை மேலேயே குடித்தனம் நடத்திய ஒரு குட்டிச் சிலந்தி. அந்தச் சிலந்தியைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். ஒரு மிளகு அளவு உடம்பில் எட்டுக் கண். முன்னால் இருந்த ரெண்டு பெரிய கண்ணும் என்னையே பார்த்தன. "அய்யய்யோ, இதையா நான் தினம் உதறி விட்டேன்?" என்று கேட்டேன். அன்றிலிருந்து புடவையைப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

அப்புறம் குக்கரஹள்ளி கெரேக்குப் போக ஆரம்பித்தார். கெரே என்றால் ஏரி. எனக்கும் சுகர் இருக்கிறது, நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார், கூடவே கிளம்பினேன். அங்கே காலையில் கேமராவோடு ஒரு கூட்டம் வரும். அதில் முக்கியமானவர் ஒரு கன்னடக்காரர், பேங்க்கில் வேலை பார்த்தவர். நல்ல மனுஷர், எந்தப் பறவை எந்த மரத்தில் என்று சளைக்காமல் சொல்லுவார். ஆனால் நான் வருவதைப் பார்த்தாலே அவர் முகம் வாடிவிடும். அவர் அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும், அந்த நேரம் பார்த்து நான் "ஏங்க, இன்னிக்கு அவரேகாளு உப்புமா பண்ணட்டுமா?" என்று கேட்பேன். மீன்கொத்தி போய்விடும். "மேடம், ஸ்வல்ப மெல்லகே" என்பார் அவர். கொஞ்சம் மெதுவாகவாம். "நான் மெதுவாத்தான பேசினேன்?" என்று வீட்டுக்காரரைக் கேட்பேன். அவர் "ம்" என்பார். எனக்கு அது போதும்.

என் வீட்டுக்காரருடைய கேமரா வேறு ஒவ்வொரு தடவை குறி பார்க்கும்போதும் "பீப் பீப்" என்று கத்தும். மற்றவர்கள் எல்லாம் அந்தச் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். இவர் மட்டும் அணைக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் குக்கரில் வெளியானது. ஒருநாள் துவரம்பருப்பை வைத்துவிட்டு, "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். போன இடத்தில் பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் தெருமுனைக்கே கருகல் வாடை வருகிறது. உள்ளே ஓடினேன். இவர் ஜலதோஷத்தில் மூக்கடைத்துப்போய், சமையல்கட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குக்கரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"என்னங்க இது, அணைக்கச் சொன்னேனே!"

"விசில் வரவே இல்லையே. அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து குக்கர் இன்னொரு தடவை வீறிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கண் இமைக்கவில்லை. வாழ்நாள் எல்லாம் விசிலுக்குக் காது கொடுத்து வேலை பார்த்த மனுஷருக்கு, எதிரில் கத்தும் விசில் கேட்கவில்லை. நான் அடுப்பை அணைத்தேன்.

காது டாக்டர் பார்த்துவிட்டு, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போயிருக்கின்றன என்றார். விசில், பறவை, போன் மணி, கேமராவின் பீப். பேச்சு பாதி கேட்கிறது, பாதியை வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். "ரொம்ப வருஷமாவே இப்படித்தான் இருந்திருக்கும்மா" என்றார். அப்போ என் பேச்சு? இத்தனை வருஷம் நான் பேசினதில் எவ்வளவு அவருக்குப் போய்ச் சேர்ந்தது? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று சிரித்துக்கொண்டே அழுதேன்.

காதில் மாட்டும் மெஷின் வாங்கினோம். ஒருநாள் போட்டார். பாத்திரம் எல்லாம் தலைக்குள்ளேயே விழுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். சரி, போகப் போகப் பழகுவார் என்று விட்டேன். ஆனால் அதற்குள் கெரேயில் ஒரு காலைப்பொழுது எல்லாவற்றையும் கெடுத்தது. மரத்தின் மேலே எங்கோ ஒரு குக்குறுவான் கத்திக்கொண்டிருந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இவரும் அவர்கள் முகம் போன திசையைப் பார்த்து அண்ணாந்தார், ஆனால் வேறு கிளையை. கூட்டத்தில் புதிதாக வந்த ஒருவர், "சார்கெ கிவி கேள்சல்வா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். சாருக்குக் காது கேட்காதா என்று. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவருக்கு அது நன்றாகவே புரிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேமராவைத் துடைத்து, பையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்தார்.

அதோடு பேச்சும் போயிற்று. முன்னால் "ம்" ஆவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. டி.வி.யைச் சத்தமே இல்லாமல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கெரேக்கு வரலைன்னா போகட்டும், பூச்சியைப் பிடிங்க. பூச்சி எங்க கத்தப் போகுது?" என்று ஒருநாள் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. சோறு தண்ணி ஒழுங்காகத்தான் சாப்பிட்டார், உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று தெரிந்தது. அப்படிப் போய்விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருப்பார்கள், நம்மோடு இருக்க மாட்டார்கள். இவரும் அப்படி ஆகிவிட்டால் நான் யாரிடம் பேசுவேன்?

மழை விட்டுப் பனி ஆரம்பித்த சமயம், காய்கறிக் கடையில் அந்த பேங்க்காரர் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். "மேடம், நவரங்க பந்திதே. சார்கெ ஹேளி" என்றார். நவரங்க வந்திருக்கிறதாம், சாரிடம் சொல்ல வேண்டுமாம். இந்த ஊரில் நவரங்க என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கோயிலில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் இருக்கும் தூண் மண்டபம். "எந்தக் கோயில்ல சார்? கும்பாபிஷேகமா?" என்று கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. போனை எடுத்து ஒரு பறவையைக் காட்டினார். வாலே இல்லாத மாதிரி ஒரு குண்டுக் குருவி. பச்சை முதுகு, சந்தன வயிறு, தோளில் ஒரு நீலக் கீற்று, கண்ணில் பட்டையாக மை, வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. நவரங்க, ஒன்பது நிறம்; பேர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வருமாம், புதருக்குள் தரையிலேயே சருகைக் கிளறிக்கொண்டு நடக்குமாம், லேசில் கண்ணில் படாதாம். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி, வீட்டுக்குப் போய் இவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது ஆறுமணிக்குருவில்ல?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தம்தான் நேர்ல தெரியும். மூஞ்சி புஸ்தகத்துல பார்த்ததோட சரி."

பல நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு கதை வந்தது. மலைப்பாதையில் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் அவருடைய கூட்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்களாம், பாசஞ்சர் போக வழி விட்டு. சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குப் புதருக்குள் இருந்து ரெண்டு விசில் வருமாம். "முதல் தடவை டிரைவர்தான் கூப்பிடறார்னு நினைச்சுக் கொடியை எடுத்துட்டு இறங்கிட்டேன்" என்றார். ரெண்டு சின்ன விசில் என்றால் டிரைவர் கார்டைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தமாம். "அங்க டிரைவர் டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கான். ஸ்டேஷன் மாஸ்டர் சிரிச்சார், அது ஆறுமணிக்குருவி சாமின்னார். எவ்வளவோ தேடிப் பார்த்தேன். ஒருநாளும் கண்ணுல படல." சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அப்போ கேட்டுச்சு, பார்க்க முடியல. இப்போ பார்க்கலாம், கேட்காது."

"எனக்குக் கேட்குமே!" என்றேன். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் கேட்கும். நீ கத்துறது அதுக்கும் கேட்குமே" என்றார். என்னை அவர் கிண்டல் செய்து எத்தனை நாள் ஆயிற்று! கோபமே வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று, நாளைக் காலையில் கெரேயில் வாயே திறக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். அவர் பீரோவிலிருந்து கேமராவை இறக்கினார். அந்த பீப் சத்தத்தை எப்படி அணைப்பதென்று மகளைப் போனில் கேட்டு நானே அணைத்தேன்.

மறுநாள் காலையில் ஒன்றும் சரிப்படவில்லை. இருட்டு பிரியும் நேரத்துக்குப் போய் மூங்கில் பக்கம் நின்றோம். கேட்டது. "வீ...ட்டியூ" என்று, ரெண்டே சுரம், அவ்வளவு தெளிவாக. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் கையைப் பிடித்து இழுத்தேன், அந்தப் பக்கம் விரலை நீட்டினேன். அவர் கண் கேமராவில் இருந்தது. தோளில் தட்டினேன், வேறு பக்கம் திரும்பினார். கிள்ளினேன். "ஸ்ஸ், என்ன?" என்று அவர் உரக்கக் கேட்டார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிசென்று தெரிவதில்லை. நானும் வேண்டுதலை மறந்து "அங்கங்க அங்க!" என்று கத்திவிட்டேன். அத்தோடு முடிந்தது. வரும் வழியெல்லாம் ரெண்டு பேரும் முறைத்துக்கொண்டே வந்தோம். வீட்டு வாசலில் அவர் சொன்னார்: "விட்டுடும்மா. எனக்கு இதெல்லாம் முடிஞ்சு போச்சு. நீ வேற எதுக்கு லோல்படற?"

அந்தச் சொல் என்னை அறுத்துவிட்டது. உள்ளே போய்க் காப்பி போட்டேன். கேமராவை அவர் மறுபடியும் பீரோவில் வைத்துவிட்டால் இனி எடுக்க மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எங்களைக் காப்பாற்றியது எதிர்வீட்டுக் கார். அவர்கள் வீட்டு கேட் குறுகல். பின்னால் எடுத்து உள்ளே விடத் தினமும் திண்டாடுவார்கள். காப்பி டம்ளரோடு வெளியே வந்தால் இவர் தெருவில் நின்று அந்தக் காருக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறார். வாயே திறக்கவில்லை. ஒரு கை மேலும் கீழும் ஆடுகிறது, கார் நகர்கிறது. கை மெதுவாகிறது, காரும் மெதுவாகிறது. ரெண்டு கையும் தலைக்கு மேல் போயின, கார் நின்றது. சுவருக்கும் காருக்கும் நடுவே நாலு விரல்கடை இருந்திருக்கும். டம்ளரை மதிலிலேயே வைத்துவிட்டு ஓடினேன்.

"ஏங்க, இதை எனக்குச் சொல்லிக் கொடுங்க. இப்பவே."

ஹாலில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கையை மேலும் கீழும் ஆட்டினால், என்னை விட்டு அந்தப் பக்கம் போ. உடம்புக்குக் குறுக்கே ஆட்டினால், என் பக்கம் வா. ஆட்டம் மெதுவானால் நீயும் மெதுவாகு. ரெண்டு கையையும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கினால், நில். அப்படித் தூக்கின கைகளை ஒன்றோடொன்று சேரக் கொண்டுவந்தால், நிற்காதே, இன்னும் மெதுவாக, அங்குலம் அங்குலமாகப் போ, பெட்டியோடு பெட்டியைக் கொக்கி மாட்ட வேண்டும். "இடது வலது எப்படி?" என்று கேட்டேன். "தண்டவாளத்துல ஏதும்மா இடது வலது?" என்றார். அதுவும் சரிதான். கெரேயில் அந்தப் பாதைக்கு ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மூங்கில். குருவி இருந்தால் மூங்கில் பக்கம்தான்.

அவர் எஞ்சின், நான் கார்டு. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஷண்டிங் நடந்தது. நான் "வா" வுக்குப் பதில் "போ" காட்டி, அவர் போய் ஃப்ரிட்ஜில் இடித்துக்கொண்டார். "பஃபர் உடைஞ்சுது. உன்னை சஸ்பெண்ட் பண்ணியாச்சு" என்று சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். பால் போட வந்தவர் கதவுக்கு வெளியே நின்று எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். என்ன நினைத்தாரோ தெரியாது.

அடுத்த நாள் மறுபடியும் போனோம். நான் பாதையின் வளைவில் நின்றுகொண்டேன், அங்கிருந்து மூங்கில் முழுக்கத் தெரியும். அவர் மெதுவாக முன்னால் நடந்தார், பத்தடிக்கு ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். திரும்பிப் பார்த்து சிக்னல் வாங்குவது அவர் ரத்தத்திலேயே ஊறினது, அதைச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பனி இருந்தது. காத்திருந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தேன். அப்படி நின்றபோதுதான் அந்தக் காலைப்பொழுதில் எவ்வளவு சத்தம் இருக்கிறதென்று எனக்கே தெரிந்தது. தண்ணீரில் ஏதோ துள்ளியது. தூரத்தில் ஒரு மயில். இதெல்லாம் எப்போதும் இருந்திருக்கும். நான்தான் என் பேச்சுக்கு மேல் வேறு எதையும் கேட்டதில்லை.

அப்புறம் அந்த ரெண்டு சுரம். அவருக்கு முன்னால், மூங்கிலுக்குள்.

கையை மேலும் கீழும் ஆட்டினேன். அவர் போனார். மறுபடியும் கேட்டது, இன்னும் பக்கத்தில். மெதுவாக்கினேன். அவரும் மெதுவானார். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சருகு அசைந்தது, நான் பார்த்தேன். மூங்கில் தூருக்கு அடியில் இருந்து அது தத்தித் தத்தி வெளியே வந்தது. போட்டோவில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்போது "நில்" காட்ட வேண்டும், ரெண்டு கையையும் விரித்துத் தூக்க வேண்டும். தூக்கினேன். ஆனால் நான் என்ன செய்வேன், கர்ப்பக்கிருகத்தில் திரை விலகினால் கை தானாகப் போகிற மாதிரி, தலைக்கு மேல் போன ரெண்டு கையும் சேர்ந்து கும்பிட்டுவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். கைகள் தலைக்கு மேல் சேர்ந்திருந்தன. கொக்கி மாட்டு.

என் தவறு எனக்குப் புரிவதற்குள் அவர் நகர ஆரம்பித்துவிட்டார். பறவையைப் பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக முன்னேறினார், இனி என் பக்கம் திரும்பவும் மாட்டார். கத்தி நிறுத்தலாமென்றால் பறவை போய்விடும், அவருக்கும் கேட்காது. போச்சு, எல்லாம் என்னால் போச்சு என்று நினைத்தேன். கும்பிட்ட கையைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன். உண்மையாகவே கும்பிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அது பறக்கவில்லை. ஒரு சருகைப் புரட்டியது, புழுவை விழுங்கியது, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அவ்வளவு மெதுவாக ஒரு மனுஷன் நகர்ந்து அது பார்த்திருக்காது. அவர் முழங்காலை மடித்து உட்கார்ந்தார், கேமரா எழுந்தது. அந்த பேங்க்காரரே அத்தனை பக்கத்தில் போனதில்லை என்று பிறகு அவர் வாயாலேயே சொன்னார். குருவி ஒரு தாழ்ந்த கழி மேல் ஏறியது. தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையை நீட்டி, என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக விசிலடித்தது. பிறகு ஒரே தத்தில் உள்ளே போய்விட்டது.

நான் ஓடிப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"கத்துச்சா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"வாயைத் திறந்து மூடிச்சு, பார்த்தேன். ரெண்டு. கார்டைக் கூப்பிடுது." சொல்லிவிட்டு எழுந்தார். அந்த மூங்கில் பக்கம் திரும்பி, வலது கையை உயர்த்தி, கொடி காட்டுகிற மாதிரி நிதானமாக அசைத்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் காட்டு ஸ்டேஷனில் கொடுக்காமல் விட்ட பதில் அது.

போட்டோ நன்றாக வந்தது. ஹாலில் மாட்டியிருக்கிறோம். பார்க்கிறவர்கள் எல்லாம் கலரைப் பற்றிச் சொல்லுவார்கள். எனக்கு அதில் கொஞ்சமாகத் திறந்திருக்கும் அந்த அலகைப் பார்த்தால் போதும். அன்று சாயங்காலம் அவராகவே டிராயரைத் திறந்து காது மெஷினை எடுத்தார். தினம் கொஞ்ச நேரம் என்று போட்டுப் பழகினார். பாத்திரச் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தார், குக்கருக்குத் திடுக்கிட்டார், ஆனால் கழற்றவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் பயமாக இருந்தது. இனி நான் பேசுவதெல்லாம் இவருக்கு உண்மையாகவே கேட்குமே, தாங்குவாரா என்று.

பனிக்காலம் முடிவதற்குள், குருவி வடக்கே கிளம்புவதற்குள், இன்னொரு தடவை கெரேக்குப் போனோம். இந்தத் தடவை மெஷினோடு. காதில் இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தேன். மகளுக்கு ப்ரமோஷன், எதிர்வீட்டில் புதுக் கார், இனி அதுவும் அந்த கேட்டுக்குள் எப்படி நுழையுமோ என்று. மூங்கில் பக்கம் வந்தும் நான் நிறுத்தவில்லை. திடீரென்று அவர் நின்றார். என் கையை இறுகப் பிடித்தார். முகமே மாறிப்போயிற்று.

"ஏய், கொஞ்சம் வாயை மூடேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொல்லாத சொல். அவ்வளவு சந்தோஷமாக நான் வாயை மூடிக்கொண்டது அதற்கு முன்னாலும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. ரெண்டு பேரும் அப்படியே நின்று கேட்டோம்.